புறப்புண்ணுக்கு யார் சாட்சி?

முதுகலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் புறநானூற்றின் 65ஆம், 66ஆம் பாடல்களை அடுத்தடுத்து நடத்துவேன். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அந்த நாணம் தாளாமல் வாளோடு வடக்கிருந்த கதை. முதலாவது கழாத்தலையார் பாடியது. அடுத்தது வெண்ணிக் குயத்தியார் பாடியது. சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், மார்பைக் குறிவச்சுத்தானே வேலெறிஞ்சாங்க? அது முதுகு வரைக்கும் போனா, அதுக்கு அவர் ஏன் வெட்கப்படணும்?”

நல்ல கேள்வி. முன்புறம் பட்டால் விழுப்புண், பின்புறம் பட்டால் புறப்புண். முன்னது நடுகல்லாகும், பின்னது பழியாகும். உடம்பு பட்ட பாட்டைவிட அதற்கு ஊர் வைக்கும் பெயர் பெரிதாகிவிடுகிறது.

அன்று மாலை எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. முப்பது ஆண்டுகள் தெருக்கோடிக் குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகத் தண்ணீர் சுமந்தவர். ஐம்பது வயதில் குறுக்கு வலி பிடித்தது. பின்பு இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது. மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பெருசா ஒண்ணும் தெரியலை. பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்றார். அம்மா அதன் பிறகு வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். வலி நின்றுவிட்டதாக வீட்டில் நாங்கள் நம்பிக்கொண்டோம்.

முதுகு வலியையும் நரம்பு வலியையும் எப்படி நம்புவது, எப்படி அளப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஓர் அரசு தலைமுறை தலைமுறையாகச் சட்டம் எழுதித் திருத்தியிருக்கிறது. அது அமெரிக்க அரசு. முன்னாள் படைவீரர்களுக்கான இயலாமை இழப்பீடும், அது மறுக்கப்படும்போது செய்யப்படும் மேல்முறையீடும் அந்நாட்டில் ஒரு பெரும் நிர்வாக உலகம். அமெரிக்கப் படையின் புகழ் பாட எனக்கு விருப்பமில்லை. அந்தப் படை போன நாடுகளின் பெண்கள் பட்டதை நாம் அறிவோம். ஆனால் நம்பப்படாத உடம்பு தன்னை நம்பவைக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அறிய அந்தக் கோப்புகளைப் போல் உதவுவன குறைவு. அதிலும் பெண்களின் கோப்புகள்.

முதல் விண்ணப்பங்கள்

1776 நவம்பரில் நியூயார்க்கின் வாஷிங்டன் கோட்டையைப் பிரிட்டிஷ் தரப்பு தாக்கியபோது, பீரங்கி இயக்கிய கணவன் மடிந்த இடத்தில் நின்று சுட்டவர் மார்கரெட் கார்பின். சிதறுகுண்டுகள் அவர் கையைப் பயனற்றதாக்கின. 1779இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு ஒரு படைவீரரின் மாதச் சம்பளத்தில் பாதியும் உடுத்திக்கொள்ள ஆடையும் வழங்கத் தீர்மானித்தது. போர்க்காயத்துக்காக அந்த நாட்டில் ஓய்வூதியம் பெற்ற முதல் பெண் அவர்தான். பாதிச் சம்பளம் என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்வோம்.

டெபோரா சாம்ப்சன் 1782இல் ஆண் உடையில், ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். தொடையில் குண்டு பாய்ந்தபோது மருத்துவரிடம் அதைக் காட்டினால் தான் பெண் என்பது தெரிந்துவிடும் என்று மறைத்தார். தானே குண்டை எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுகள் கழித்து ஓய்வூதியம் கேட்டபோது, அவர் சொல் மட்டும் போதவில்லை. 1804இல் பால் ரெவியர் அவருக்காகக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கப் பாடநூல்களில் குதிரையேறிச் செய்தி கொண்டுபோகும் அதே ரெவியர்தான். 1805இல் மாதம் 4 டாலர் கிடைத்தது.

இந்த இரண்டு கோப்புகளிலேயே பிற்காலத்துக் கதை முழுவதும் விதையாகக் கிடக்கிறது. காயம் உண்மை. ஆனால் காயம்பட்ட நேரத்தில் அதை மறைக்க வேண்டிய நிலை. மறைத்ததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் ஓர் ஆணின் சாட்சி தேவைப்படுகிறது.

சலவைக்காரர் என்று எழுதியவர் யார்?

உள்நாட்டுப் போரின்போது, 1862இல், அமெரிக்கா விரிவான ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. முழுமையாக இயலாமல் போன சாதாரணப் படைவீரருக்கு மாதம் 8 டாலர். இறந்தவரின் மனைவிக்கும் அதே தொகை. இந்த ஏற்பாடு வளர்ந்து வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூட்டாட்சி அரசின் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விழுங்கியது. ‘நலத்திட்டமே இல்லாத நாடு’ என்று அமெரிக்காவைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. சமூகவியலாளர் தீடா ஸ்காச்போல் 1992இல் எழுதிய நூலில், அந்த நாட்டின் நலத்திட்டம் படைவீரர்களிடமும் தாய்மார்களிடமும் தொடங்கியது என்று காட்டினார்.

கைம்பெண்ணுக்குக் கொடுத்த பணத்தோடு ஒரு கண்காணிப்பும் வந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம், வெளிப்படையாக வேறோர் ஆணோடு வாழும் கைம்பெண்ணின் ஓய்வூதியத்தை நிறுத்தலாம் என்றது. ஊருக்கு ஊர் விசாரணை அதிகாரிகள் போனார்கள். அண்டை வீட்டாரிடம் கேட்டார்கள்: அவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? ஓய்வூதியம் கணவனின் உடம்புக்கான ஈடு என்றால், மனைவியின் படுக்கையறைக்குள் எட்டிப்பார்க்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு அமெரிக்காவுக்குப் போகவே வேண்டியதில்லை.

1892இல் போர்க்கால செவிலியருக்கென்று தனிச் சட்டம் வந்தது. மாதம் 12 டாலர். ஆனால் ‘செவிலியர்’ என்று பதிவானவருக்குத்தான். மருத்துவமனைகளில் உழைத்த கறுப்பினப் பெண்களில் பலர் சமையல்காரர், சலவைக்காரர் என்றே ஏட்டில் ஏறியிருந்தார்கள். சூசி கிங் டெய்லர் அப்படிப்பட்டவர். கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் சலவைக்காரராகச் சேர்க்கப்பட்டு, காயம்பட்டவர்களைப் பேணினார். வீரர்களுக்கு எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். ஓய்வூதியம் கிடைக்கவில்லை. 1902இல் அவர் தன் போர்க்கால நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அரசுக் கோப்பு மறுத்த சாட்சியத்தை அவரே அச்சிட்டுக்கொண்டார் என்றுதான் அதை நான் வாசிக்கிறேன்.

ஹாரியட் டப்மனுக்கு நடந்ததும் இதுதான். அடிமைகளை விடுவித்தவர் என்று உலகம் அறிந்த அவர், போரில் செவிலியராகவும் உளவாளியாகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர். 1863இல் கம்பாகி ஆற்றுத் தாக்குதலுக்கு வழிகாட்டி எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலைபெறக் காரணமானவர். பல ஆண்டுகள் முறையிட்டும் பலனில்லை. 1895இல் அவருக்கு மாதம் 8 டாலர் வந்தது, படைவீரராக இருந்த கணவரின் கைம்பெண் என்ற வகையில். 1899இல் காங்கிரஸ் அதை 20 டாலராக உயர்த்தியது. செவிலியராக உழைத்தது அந்த உயர்வுக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. உளவுக்கும் வழிகாட்டலுக்கும் ஏற்பு இல்லை. யாரோ ஒருவரின் மனைவியாக இருந்தது நிரூபிக்க எளிதாக இருந்தது. தானாக இருந்ததை நிரூபிக்க முடியவில்லை.

படையில் இருந்தும் இல்லாதவர்கள்

முதல் உலகப் போரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தொலைபேசி இணைப்பாளர்களாகப் பிரான்சுக்குப் போனார்கள். சீருடை அணிந்தார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், ராணுவக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் படையினரே அல்லர், ஒப்பந்த ஊழியர் என்று சொல்லிவிட்டார்கள். 1977இல்தான் காங்கிரஸ் மனம் மாறியது. அதற்குள் அவர்களில் மிகப் பலர் இறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானங்களை ஓட்டிய சுமார் 1,100 பெண்களுக்கும் அதே 1977 வரை காத்திருப்பு. அவர்களில் 38 பேர் பணியிலேயே மாண்டவர்கள். உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

படைவீரர் அல்லாத ஒருவருக்கு இயலாமை இழப்பீடு இல்லை, மேல்முறையீடும் இல்லை. வலிக்கிறதா என்ற கேள்விக்கு முன்பாகவே, நீ யார் என்ற கேள்வி அவர்களைத் திருப்பி அனுப்பியது. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்கப் பெண்களிடம் முதன்முறையாக ‘நீங்கள் படையில் இருந்ததுண்டா?’ என்று கேட்டார்கள். 12 லட்சம் பெண்கள் ஆம் என்றார்கள். அதுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்து 1982இல் நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகமே, பெண்களுக்குச் சமமான சலுகைகள் போய்ச் சேரவில்லை என்று அறிக்கை தந்தது.

கோணமானியும் நரம்பும்

இனி முதுகுக்கு வருவோம். அமெரிக்கத் துறை ஒவ்வொரு குறைபாட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. அதற்கென ஓர் அட்டவணை உண்டு. 1945இல் வெளியான அட்டவணைதான் திருத்தங்களோடு இன்றும் அடித்தளம். ஒரு குறைபாடு சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கும் திறனைக் குறைக்கும் என்பதே அதன் அளவுகோல். இயல்பு வாழ்க்கையில் உடம்பு எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும் என விதி சொல்கிறதுதான். இருந்தாலும் இறுதித் தராசு சம்பாத்தியம். குனிந்து குழந்தையைத் தூக்க முடியாமல் போவதற்கு அந்தத் தராசில் தனித் தட்டு கிடையாது.

முதுகுக்கு முன்பு ‘இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது’ என்று மூன்று சொற்களால் மதிப்பிட்டார்கள். 2003இல் அதைக் கோணமாக மாற்றினார்கள். நேராக நிற்பவர் முன்னால் 90 பாகை குனிந்தால் இயல்பு. 60க்கு மேல் 85 வரை குனிய முடிந்தால் 10 சதவீதம். 30க்கு மேல் 60 வரை என்றால் 20 சதவீதம். 30 பாகையோ அதற்குக் கீழோ என்றால் 40 சதவீதம். கீழ் முதுகு முழுதும் தவறான நிலையில் இறுகிப்போனால் 50. முதுகெலும்பு முழுதும் அப்படி இறுகிப்போனால் 100. பரிசோதகர் இடுப்பருகில் ஒரு கோணமானியை வைத்துப் பார்க்கிறார். காலை பத்து மணிக்கு, வலிமாத்திரை போட்டுக்கொண்டு வந்த ஒருவர் 65 பாகை குனிகிறார். இரவு இரண்டு மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல் கிடப்பதை அந்தக் கருவி காணாது.

முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். உடம்பிலேயே தடித்த நரம்பு இடுப்பிலிருந்து கால் வரை ஓடும் சயாட்டிக் நரம்பு. அதற்குத் தனி மதிப்பெண்: இலேசானால் 10, நடுத்தரமானால் 20, அதற்கு மேல் 40, தசை வெளிப்படையாகச் சூம்பிப்போனால் 60, முழுதும் செயலிழந்தால் 80. இங்கே ஒரு சின்ன விதி இருக்கிறது. பாதிப்பு உணர்வோடு மட்டும் நின்றால், அதாவது மரத்துப்போதல், குத்தல், எரிச்சல் மட்டும் என்றால், இலேசானது என்றோ அதிகபட்சம் நடுத்தரமானது என்றோதான் மதிப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சூம்பல் மேலே. சொன்னால்தான் தெரியும் உணர்வு கீழே. இதைப் படித்தபோது அம்மாவின் இடது கால்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

மதிப்பெண்களைக் கூட்டுவதும் நாம் பள்ளியில் படித்த கூட்டல் அல்ல. முதுகுக்கு 20, ஒரு காலுக்கு 20 என்றால் 40 ஆகாது. முதலில் 20 போக, மீதமுள்ள 80இல் 20 சதவீதமான 16ஐச் சேர்ப்பார்கள். 36 வரும். அதைப் பத்தின் மடங்காக்கி 40 என்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் வித்தியாசம் தெரியாது. குறைபாடுகள் கூடக்கூட, விண்ணப்பித்தவருக்கும் அரசுக்கும் இடையில் எண்கள் விலகிக்கொண்டே போகும்.

ஏட்டில் இல்லாத சுமை

இழப்பீடு பெற மூன்று கண்ணிகள் வேண்டும். இப்போது குறைபாடு இருக்க வேண்டும். பணிக்காலத்தில் அடியோ நோயோ நேர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து வேண்டும். நடுக்கண்ணிதான் பெரும்பாலும் அறுகிறது. மருத்துவ முகாமுக்கு அடிக்கடி போகும் பெண்ணைப் ‘பலவீனமானவள்’ என்று பார்க்கும் இடத்தில், பெண்கள் வலியைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அன்று பல்லைக் கடித்ததற்குத் தண்டனை இருபது ஆண்டு கழித்து வருகிறது: உங்கள் ஏட்டில் முதுகு வலி பற்றி எதுவும் இல்லையே!

2003இல் ஆப்கானிஸ்தானில் தரைப்படையினர் சுமந்ததை எடைபோட்டபோது, சண்டைக்களத்தில் சராசரியாக 29 கிலோவும் நெடுநடையில் 46 கிலோவும் இருந்தன. அங்கே பெண்களும் கவசமும் மூட்டையும் சுமந்தார்கள். பெண்ணுடலுக்கென வெட்டித் தைத்த கவச உடை 2010களில்தான் வந்தது. அதுவரை ஆணின் தோளுக்கும் இடுப்புக்கும் செய்ததைத்தான் மாட்டிக்கொண்டார்கள். பொருந்தாத கவசத்தில் சுமை இடுப்பில் உட்காராமல் முதுகில் தொங்கும். குண்டு துளைத்த நாளுக்குத் தேதி உண்டு. ஆயிரம் நாள் சுமந்து தேய்ந்த முதுகுக்குத் தேதி ஏது?

சண்டைக்களத்தில் இருந்தவருக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. 1941இல் வந்த விதி அது. இன்று 1154ஆம் பிரிவில் இருக்கிறது. எதிரியோடு பொருதியவர் தன் காயத்தைப் பற்றிச் சொல்வது அந்தச் சூழலுக்கு ஒத்துப்போனால், ஏட்டில் இல்லாவிட்டாலும் அரசு ஏற்க வேண்டும். போரின் நடுவில் யார் பதிவேடு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நியாயம்தான். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைப் போர்க்கப்பலிலிருந்தும் போர்விமானத்திலிருந்தும் விலக்கியது. 1994ஆம் ஆண்டுக் கொள்கை நேரடித் தரைச் சண்டையிலிருந்து விலக்கியது. 2013இல்தான் அந்தத் தடையை நீக்குவதாக அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஈராக்கில் வாகன அணிகளைக் காத்த பெண்கள் சண்டையிட்டார்கள். 2005இல் லீ ஆன் ஹெஸ்டர் என்ற ராணுவக் காவல்படைப் பெண் பதுங்கித் தாக்கியவர்களை எதிர்கொண்டு வெள்ளி நட்சத்திர விருது பெற்றார். விருது பெற்றவருக்கு ஏடு சாட்சி சொல்லும். விருது பெறாமல் அதே வண்டியில் தூக்கியெறியப்பட்டவளின் ஏட்டிலோ வாகன ஓட்டி என்றும், சமையற்கூடம் என்றும், மொழிபெயர்ப்பு உதவி என்றும் இருக்கும். விதி ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. பெண்களுக்குச் சண்டையே இல்லை என்று எழுதிவைத்த வேறொரு விதி அந்த வேலையைச் செய்துவிட்டது. 2010இல் மனவடுவுக்கான சான்று விதிகளைத் தளர்த்தி, எதிரித் தாக்குதல் அச்சத்தில் வாழ்ந்ததே போதும் என்றார்கள். அந்தத் தளர்வு மனதுக்கு மட்டும்தான். முதுகுக்கு இல்லை.

ஏடுகள் எரிந்தும் போகும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பதிவேடுகள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. ஏடு இல்லை என்பது காயம் இல்லை என்பதாகாது என்ற எளிய உண்மையை அந்தத் தீ ஒரு நாட்டுக்கே கற்றுக்கொடுத்தது. 2006இல் புக்கானன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சட்டமொழியில் சொன்னது: அக்கால மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாய்மொழியை நம்பத்தகாதது என்று தள்ளக் கூடாது.

ஆகவே வாய்மொழி எழுத்தாக வேண்டும். உடன் பணியாற்றியவர் எழுதலாம்; வீட்டில் இருப்பவர் எழுதலாம். உள்நாட்டுப் போரில் ஃபிராங்க் தாம்ப்சன் என்ற பெயரில் ஆணாகப் போரிட்ட சாரா எட்மண்ட்ஸுக்கு 1884இல் காங்கிரஸ் மாதம் 12 டாலர் கொடுத்ததும் பழைய தோழர்கள் எழுதித்தந்த சாட்சியத்தால்தான். ஆண் வீரர்களின் கோப்புகளில் மனைவியும் சாட்சியாகிறாள். இரவில் எத்தனை முறை விழித்தார், காலணிக்குக் கயிறு கட்டிவிட்டது யார், எந்தக் காலை இழுத்து நடக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பராமரிப்பு உழைப்புக்கு மாதாந்திரத் தொகை தரும் சட்டம் 2010இல்தான் வந்தது.

நீதிமன்றத்தின் கதவு

மேல்முறையீட்டு வாரியம் 1933இல் அமைந்தது. ஆனால் வாரியம் மறுத்துவிட்டால் நீதிமன்றம் போக முடியாது. வழக்கறிஞர் வைக்கவும் வழியில்லை: 1864ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் கட்டணத்தை 10 டாலருக்குக் கட்டுப்படுத்தியிருந்தது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து வீரர்களைக் காக்க வந்த வரம்பு, நூறாண்டு கழிந்தபின் அவர்களைத் துணையில்லாமல் நிறுத்தியது. 1985இல் உச்ச நீதிமன்றமே அந்த 10 டாலர் வரம்பு செல்லும் என்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டம்தான் படைவீரர்களுக்கென ஒரு நீதிமன்றத்தைத் திறந்து, கட்டண வரம்பையும் தளர்த்தியது.

1990இல் அந்த நீதிமன்றம் கில்பர்ட் வழக்கில் சந்தேகத்தின் பலன் என்ற பழைய விதிக்கு உயிர் கொடுத்தது. இரு பக்கச் சான்றும் ஏறத்தாழ சமமாக இருந்தால் படைவீரர்தான் வெல்ல வேண்டும். தீர்ப்பு அதற்குத் தெரு பேஸ்பால் விளையாட்டை உவமையாக்கியது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால், சந்தேகமென்றால் மட்டைக்காரனுக்குத்தான் என்பார்கள். 1995இல் டெலூகா வழக்கு, கோணம் மட்டும் போதாது, வலியும் களைப்பும் அசைவை எவ்வளவு குறைக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்றது. 2017இல் ஷார்ப் வழக்கு, வலி கிளர்ந்தெழும் நாட்களைப் பற்றிப் பரிசோதகர் கேட்டுத் தெரிந்து மதிப்பிட வேண்டும், நான் அப்போது பார்க்கவில்லை என்று கைகழுவக் கூடாது என்றது. இரவு இரண்டு மணி மெதுவாகக் கோப்புக்குள் நுழைந்தது.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை. வழக்காடியவர் மெல்பா சாண்டர்ஸ் என்ற பெண். 1987 முதல் 1994 வரை தரைப்படையில் இருந்தவர். அவருடைய வலி முதுகில் அல்ல, இரு முழங்கால்களிலும். படையில் சேரும்போது இல்லாத வலி, பணிக்காலத்தில் வந்தது. நெடுநேரம் நிற்க முடியவில்லை. கைத்தடி தேவைப்பட்டது. பணியால்தான் வந்திருக்கக்கூடும் என்று துறையின் பரிசோதகரே எழுதினார். ஆனால் நோய்ப்பெயராக அவர் எழுதியது வலி என்பது மட்டும்தான். வலி ஒரு நோய்ப்பெயர் அல்ல, ஆகவே குறைபாடே இல்லை என்று வாரியம் மறுத்தது. படைவீரர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 1999 முதல் அதுதான் சட்டமாக இருந்தது: அடிப்படை நோய் கண்டறியப்படாத வெறும் வலிக்கு இழப்பீடு இல்லை.

கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. குறைபாடு என்ற சொல்லுக்குப் பொருள் உடம்பின் இயக்கம் தடைப்படுவது. வலியே அந்தத் தடையாக இருக்கலாம். காரணத்துக்குப் பெயர் தெரியவில்லை என்பதற்காகத் தடை இல்லாமல் போய்விடாது. வலிக்கிறது என்று சொன்னாலே போதும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அது இயக்கத்தைக் குறைப்பதைக் காட்ட வேண்டும். அந்தத் தீர்ப்பு முழங்காலோடு நிற்கவில்லை. படத்தில் ஒன்றும் தெரியாத முதுகுகளுக்கும் அது வழி திறந்தது. ‘பெருசா ஒண்ணும் தெரியலை’ என்ற வாக்கியத்தோடு உரையாடல் முடியக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்திருக்கிறது.

வழியும் கொஞ்சம் சீரானது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மறுக்கப்பட்டவருக்கு மூன்று பாதைகள் தந்தது. அதே சான்றுகளை மூத்த அதிகாரி மறுபடி பார்க்கலாம். புதிய, தொடர்புள்ள சான்றோடு துணை விண்ணப்பம் போடலாம். வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஓராண்டுக்குள் அடுத்த அடி வைத்தால் முதல் விண்ணப்பத் தேதி காப்பாற்றப்படும். வென்றால் பணம் அந்தத் தேதியிலிருந்து வரும். ஆகவே வலியோடு இருப்பவர் நாட்காட்டியோடும் இருக்க வேண்டும்.

கோப்புக்கு வெளியே

இவ்வளவும் சொன்ன பின் எந்தக் கோப்பிலும் இல்லாதவர்களைச் சொல்லாமல் முடித்தால் இது பெண்ணிய வரலாறாக இராது. வியட்நாம் காடுகளில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சால் அமெரிக்க வீரர்களுக்கு வரும் நோய்களைப் பணியால் வந்தவை என்றே அனுமானிக்கும் சட்டம் 1991இல் வந்தது. விரைவில் தோன்றும் கை கால் நரம்பு நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. வீரர்களின் குழந்தைகள் முதுகெலும்பு முழுமையாக மூடாமல் பிறந்தால் அவர்களுக்கு உதவித்தொகை தரும் சட்டம் 1996இல் வந்தது. வியட்நாமில் பணியாற்றிய பெண்களின் குழந்தைகளுக்கு மேலும் பல பிறவிக் குறைகளைச் சேர்த்து 2000ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் செவிலியர்.

அதே நஞ்சு விழுந்த நிலத்தில் உழுது, சமைத்து, பிள்ளை பெற்ற வியட்நாமியப் பெண்களும் சிலரோடு சேர்ந்து அந்த வேதிப்பொருளைத் தயாரித்த நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கை 2005இல் நியூயார்க்கில் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். அவர்களுக்கு வாரியம் இல்லை. சந்தேகத்தின் பலன் இல்லை. குனியும் கோணத்தை அளக்க யாரும் வரவில்லை. ஒரே நஞ்சு, இரண்டு முதுகுகள். ஒன்றுக்கு மட்டும் ஏடு.

அமெரிக்கத் துறை 1959 முதல் தன் குறிக்கோளாக லிங்கனின் 1865ஆம் ஆண்டு உரையிலிருந்து ஒரு தொடரை வைத்திருந்தது. போரைத் தாங்கிய ஆணையும், அவன் கைம்பெண்ணையும், அவன் அநாதையையும் பேணுவது என்பது அதன் பொருள். பெண்கள் நெடுநாள் வலியுறுத்திய பிறகு 2023 மார்ச்சில் அதை மாற்றினார்கள். இப்போது அதில் பணியாற்றியவர்கள் எல்லாரும், அவர்களின் குடும்பத்தாரும், பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள். சுமார் 20 லட்சம் பெண் படைவீரர்கள் உள்ள நாட்டில் ஒரு வாக்கியத்தின் பாலை மாற்ற அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்குப் பதில் சொல்ல 66ஆம் பாடலைத்தான் எடுத்தேன். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனிடமே பேசுகிறார்: நீ வென்றாய், ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? குயவர் குலத்துப் பெண் என்று பெயரே சொல்லும் ஒருத்தி, அரசன் முகத்துக்கு நேரே, தோற்றவனின் முதுகுக்காகச் சாட்சி சொல்கிறாள். புண்ணுக்கு ஊர் வைத்த பெயரை அவள் மாற்றவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு அவனை விட்டுவிடவும் இல்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்குத் தொலைபேசினேன். “குறுக்கு வலி எப்படிம்மா இருக்கு?” என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு அம்மா சொல்லத் தொடங்கினார். எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, எத்தனை படி ஏறினால் கால் மரக்கிறது, எந்த வருடத்தில், எந்தக் குடத்தோடு அது தொடங்கியது. நான் குறுக்கே பேசாமல், தேதி போட்டு, எழுதிக்கொண்டேன்.